மாளிகைமேட்டில் மாளிகை எப்படி இருந்திருக்கும்? உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

இடிந்துபோன பழைய இடங்கள் அந்தக் காலத்தில் எப்படி இருந்திருக்கும் என்று வரைந்து காட்டும் படங்கள் இப்போது நிறைய வருகின்றன. அப்படி ஒரு படத்தைப் பார்த்துவிட்டு அந்த இடத்துக்கே போனவர்கள், உட்கார்ந்து வரைந்தவர்கள், யாராக இருந்தாலும் எழுதுங்கள். நான் தொடங்கி வைக்கிறேன்.

கங்கைகொண்ட சோழபுரம் போகிறவர்கள் பெரும்பாலும் கோயிலோடு திரும்பிவிடுகிறார்கள். கொஞ்ச தூரத்தில்தான் மாளிகைமேடு இருக்கிறது. ராஜேந்திர சோழன் அரண்மனை கட்டிய இடம், அதற்கப்புறம் சுமார் 250 வருடம் சோழர் தலைநகர். நானும் மாமாவும் கிளாம்பாக்கத்தில் கும்பகோணம் பஸ் ஏறிப் போனோம். மாமா போனில் ஒரு படம் வைத்திருந்தார்: வானம் முட்டும் கல் மாளிகை, தங்கக் கலசங்கள், வரிசையாக யானைகள். அங்கே தொல்லியல் துறை தோண்டி வைத்திருக்கும் குழிகளில் இருப்பதோ தரையோடு தரையாக ஓடும் செங்கல் சுவர்கள். மாமா படத்தையும் குழியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "தூணெல்லாம் எங்கே? யார் தூக்கிக்கொண்டு போனார்கள்?" என்றார். அந்தக் கேள்வி எனக்கு வலித்தது. அந்தக் கல் தூண்கள் அங்கே இருந்ததே இல்லையே.

ஊர் திரும்பியதும் என் சிநேகிதி ஒருத்தியிடம் சொன்னேன். அவள் சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவள். அகழாய்வில் என்னென்ன கிடைத்தது என்பதிலிருந்து மட்டும் தொடங்கலாம் என்றாள். சுட்ட செங்கல், சுண்ணாம்புச் சாந்து, சின்னச் சின்னத் தட்டையான கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், சீனப் பீங்கான் துண்டுகள், அப்புறம் தூண் நிறுத்துவதற்கான கருங்கல் அடிக்கற்கள் சில. அடி கல்லில் இருக்கிறது, மேலே தூணைக் காணோம் என்றால் தூண் மரமாக இருந்திருக்கும். கூடவே ஆணியும் ஓடும் கிடைத்தால் மேலே இருந்தது மரச்சட்டம் போட்ட கூரை. இப்படி ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டே போனாள். மரக்கட்டடம் அந்தக் காலத்தில் எப்படித் தெரிந்திருக்கும் என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயிலின் உள்சுற்றில் 1931-இல் கண்டுபிடித்த சோழர் ஓவியங்களைப் பார்த்தாள், அவற்றில் தில்லை அம்பலமே கூரையோடு வரையப்பட்டிருக்கிறது. சோழர் காலத்து ஓவியன் சோழர் காலத்துக் கட்டடத்தைப் பார்த்து வரைந்தது, இதைவிட நல்ல சாட்சி ஏது?

எனக்கு ரொம்பப் பிடித்தது வேறு. கிடைத்ததை எல்லாம் மையில் அழுத்தமாக வரைந்தாள். ஊகத்தை எல்லாம் பென்சிலில் லேசாக விட்டுவிட்டாள். மாடி முழுக்கப் பென்சில்தான். கல்வெட்டில் 'சோழகேரளன் திருமாளிகை', 'முடிகொண்டசோழன் திருமாளிகை' என்று பெயர்கள் இருக்கின்றன, ஆனால் பெயர் மட்டும் எத்தனை நிலை மாடி என்று சொல்லாது. மாமா அதைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை, அப்புறம், "இவ்வளவு மரமா, எந்தக் காட்டிலிருந்து வந்திருக்கும்?" என்று கேட்டார். சரியான கேள்வி! கல் மாளிகைப் படத்தைப் பார்த்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. இப்படி வரையும் எல்லோரும் எது ஆதாரம், எது ஊகம் என்று படத்திலேயே காட்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கல்லே காணாமல் போன கதையும் அங்கே உண்டு. கோயிலின் மதில் கற்களை 1836-இல் கீழணை கட்ட எடுத்துக்கொண்டு போனார்கள்.

பதில், வேளச்சேரியிலிருந்து:

அக்கா, நீங்கள் சொன்ன மை, பென்சில் விஷயத்தை நான் ரோமில் கல்லிலேயே பார்த்தேன். வேலை விஷயமாகப் போனபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ரோமன் ஃபோரத்தில், அதாவது பழைய ரோமின் நடுச் சதுக்கத்தின் இடிபாடுகளில் சுற்றினேன். அங்கே இருக்கும் டைட்டஸ் வளைவு என்ற ரோமானிய வெற்றி வளைவு இடைக்காலத்தில் ஃப்ராஞ்சிபானி குடும்பத்துக் கோட்டையின் ஒரு பகுதியாக இருந்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைச் சீரமைத்த கட்டடக் கலைஞர் வலாடியர், பழைய பளிங்குக்குப் பக்கத்தில் புதிதாகச் சேர்த்த பகுதியை டிராவர்டைன் என்ற வேறு கல்லில் வைத்தார். எது பழசு, எது புதுசு என்று இன்றைக்கும் கிட்டே போய்ப் பார்த்தால் தெரிகிறது.

ரோம் என்றாலே சீசர் காலத்துப் பளபளப்பைத்தான் வரைகிறார்கள். எனக்கு மனசில் ஒட்டியது 12ஆம் நூற்றாண்டை வரைந்த படங்கள். கொலோசியத்தின் வளைவுகளுக்குள் மக்கள் குடியிருக்கிறார்கள், ஒரு பக்கம் கோட்டை, மண் மேடேறிப் பாதி புதைந்த இன்னொரு வெற்றி வளைவான செவெரஸ் வளைவின் தலையில் ஒரு கோபுரம். பிரான்சில் ஆர்ல் ஊரின் ரோமானிய அரங்கம் இன்னும் ஆச்சரியம், அரங்கமே மதில் சூழ்ந்த ஊராகி உள்ளே 200க்கும் மேற்பட்ட வீடுகளும் இரண்டு தேவாலயங்களும் இருந்தன. 1820களில் வீடுகளை எல்லாம் எடுத்துவிட்டு அரங்கத்தை மட்டும் காட்சிக்கு வைத்தார்கள். அதைத்தான் பாதுகாப்பு என்கிறோம். ஆனால் ஆயிரம் வருடத்துக்கும் மேலாக அங்கே சமைத்துச் சாப்பிட்டு வாழ்ந்தவர்களின் ஊர் போயிற்று, இப்போது அதைப் படத்தில்தான் பார்க்க முடியும். அதனால்தான் இடைக்காலத்தை வரைகிறவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை.

பதில், புரசைவாக்கத்திலிருந்து:

இரண்டு பேருக்கும் நன்றி. இவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் எழும்பூர் மியூசியத்துக்குப் போங்கள் (வெள்ளிக்கிழமை விடுமுறை). ஆந்திராவில் இருந்த அமராவதி பௌத்த ஸ்தூபத்தின் சிற்பப் பலகைகள் அங்கே இருக்கின்றன. ஸ்தூபம் அழிந்துவிட்டது, ஆனால் அந்தப் பலகைகளிலேயே ஸ்தூபத்தைச் செதுக்கியிருக்கிறார்கள். சுற்று வேலி, வாசலில் சிங்கங்கள், மேடை மேல் ஐந்து ஐந்தாகத் தூண்கள், எல்லாம் தெரியும். என் பையனை ஒரு நோட்டுடன் அங்கே உட்கார வைத்தேன், மதியம் வரை எழுந்திருக்கவில்லை.

ஒரு குறை மட்டும். அந்த ஸ்தூபத்துக்கு நான் பார்த்த மாதிரி வடிவங்கள் எல்லாமே கட்டிய நாளில் இருந்ததுபோல் பளிச்சென்று இருக்கின்றன. இலங்கையில் கடலாதெனிய கல்வெட்டு 1344-இல் எழுதியது, தர்மகீர்த்தி என்ற தேரர் அமராவதியில் ஒரு இரண்டு மாடிப் படிமவீட்டை (சிலை வைத்து வழிபடும் கட்டடம்) புதுப்பித்ததாக அது சொல்கிறது. அப்படியென்றால் அவ்வளவு காலம் கழித்தும் அங்கே ஆட்கள் வந்து போயிருக்கிறார்கள், பழுது பார்த்திருக்கிறார்கள். ஓரங்கள் தேய்ந்து, ஒட்டுப்போட்டு, விளக்கேற்றிக்கொண்டிருந்த அந்த 14ஆம் நூற்றாண்டு அமராவதியை யாராவது வரைந்திருந்தால் தயவுசெய்து இங்கே போடுங்கள். வரையாதவர்கள் யாராவது வரையுங்கள், அந்த வேளச்சேரித் தம்பி சொன்ன ரோம் படங்களைப் பார்த்துவிட்டு.