மெக்சிகோ பீர்: லேபிள் மட்டும்தான் வேறா, சரக்கும் வேறா?

நாடோடி குமார்:
கான்கூனில் ஐந்து நாள், மெக்சிகோ சிட்டியில் நான்கு நாள் சுற்றிவிட்டு வந்திருக்கிறேன். அங்கே பீர் வகைவகையாகக் கிடைக்கும் என்று இங்கே பலர் எழுதியதை நம்பிப் போனவன். கொரோனா, சோல், பசிஃபிகோ, டெகாட்டே எல்லாம் பார்த்தாயிற்று. கண்ணைக் கட்டிவிட்டுக் கொடுத்தால் எது எதுவென்று சொல்லத் தெரியாது. மஞ்சள் தண்ணீர், பாட்டில் வாயில் ஒரு துண்டு எலுமிச்சை. ஏமாந்தது நான் மட்டும்தானா?

மால்ட் மாமா:
தம்பி, நாலு கடையில் இட்லி தின்றுவிட்டு இந்த ஊரில் வேறு பலகாரமே இல்லை என்கிறீர்கள். நீங்கள் குடித்த நான்கும் வெளிர் லாகர், அதாவது குளிரில் வைத்துப் பக்குவப்படுத்தும் பீர். கருப்புப் பக்கம் திரும்பவே இல்லையா? நெக்ரா மொடேலோவில் வறுத்த மால்ட்டின் (முளைகட்டிய தானியம்) வாசனையும், கருப்பட்டியை நினைவூட்டும் மெல்லிய இனிப்பும் உண்டு. விக்டோரியா செம்பு நிறம். வியன்னா லாகர் என்ற இந்த வகையை 1841இல் வியன்னாவில் கொண்டுவந்தவர் அன்டன் டிரெஹர். சொந்த ஊரில் மங்கிப்போன பிறகும் மெக்சிகோவில் அது பிழைத்துக் கிடந்தது. ஆஸ்திரியாவிலிருந்து வந்து மெக்சிகோவின் அரியணை ஏறிய மாக்சிமிலியன் தந்த சீதனம் என்பார்கள்.

நாடோடி குமார்:
அந்தச் சீதனக் கதையை விடுங்கள் மாமா. 1864இல் வந்தவரை 1867இல் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். லாகர் பக்குவப்பட வாரக்கணக்கில் குளிர் வேண்டும். ஐஸ் இயந்திரம் வந்த பிறகுதான் அந்த வெயிலில் பெரிய அளவில் காய்ச்ச முடிந்தது. மான்டெரேயின் குவாதெமோக் ஆலை 1890இல் தொடங்கியது. மொடேலோ ஆலை 1925இல். இன்று மொடேலோ ஏபி இன்பெவ் என்ற பன்னாட்டுக் கம்பெனியின் கையில், குவாதெமோக் ஹைனெக்கன் என்ற இன்னொரு பன்னாட்டுக் கம்பெனியின் கையில். நீங்கள் கொண்டாடும் நெக்ரா மொடேலோவும் கொரோனாவும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். இரண்டு கம்பெனி, இருபது லேபிள். இதுவா வகை?

மால்ட் மாமா:
மாக்சிமிலியன் விஷயத்தில் தோற்றேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரே வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரே முகமா இருக்கிறது? ஆண்டுக் கடைசியில் மட்டும் வரும் நோச்சே புவேனாவைக் குடித்துவிட்டுச் சொல்லுங்கள். பாக் என்ற அடர்த்தியான லாகர் வகை. அதில் எலுமிச்சை பிழிந்தால் பாவம் பிடிக்கும்.

பாண்டி 77:
எலுமிச்சையைக் குறை சொல்லாதீர்கள். நிறமில்லாத பாட்டிலில் வெளிச்சம் பட்டால், கசப்புக்காகச் சேர்க்கும் ஹாப்ஸ் பூவின் சத்து கெட்டு ஒரு நாற்றம் வரும், அதை மறைக்கவாவது உதவும். நான் வாங்குவது கவாமா என்ற 940 மில்லி பெரிய பாட்டில். கடலாமை என்று அர்த்தம். என்னைக் கேட்டால் பீரே வேண்டாம், புல்கே தேடுங்கள். யானைக் கற்றாழையின் நடுவைக் குடைந்தால் ஊறும் இனிப்பு நீர் அகுவாமியெல், புளித்தால் புல்கே. பதநீரும் கள்ளும் தெரிந்த நமக்கு இதற்குமேல் விளக்கம் எதற்கு?

மால்ட் மாமா:
அது பீர் இல்லை பாண்டி. திரியைக் கடத்தாதீர்கள்.

தேன்மொழி:
குவாதலஹாராவில் மூன்று வருடம் வேலை பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் இருவரும் பாட்டிலுக்குள் தேடுகிறீர்கள், விஷயம் கடை வாசலில் இருக்கிறது. பலகையில், நாற்காலி முதுகில், ஃப்ரிட்ஜில் எந்தக் கம்பெனி பெயரோ அதுதான் உள்ளே கிடைக்கும். நாற்காலியும் ஃப்ரிட்ஜும் கம்பெனி தரும், பதிலுக்கு எதிராளியின் சரக்கை வைக்கக் கூடாது. 2013இல் மெக்சிகோவின் வணிகப் போட்டி ஆணையம் தலையிட்டு, இப்படிப்பட்ட ஒப்பந்தக் கடைகளுக்கு உச்சவரம்பு வைத்தது. வரியும் சிறு ஆலைக்குப் பாதகம். விலையில் 26.5 சதவீதம் என்பதால் நல்ல மால்ட் போட்டு விலை கூடினால் வரியும் கூடும்.

இத்தனையையும் மீறித்தான் குவாதலஹாராவில் 2002இல் மினெர்வா என்ற சிறு ஆலை வந்தது. டிஹுவானாவில் இன்சுர்கென்டே, என்செனாடாவில் வென்ட்லாண்ட், அகுவா மாலா. அமெரிக்காவின் சான் டியேகோ எல்லைக்கு அந்தப் பக்கம்தான், அதனால் ஐபிஏ என்ற கசப்பான பீர் வகையின் மோகம் அங்கிருந்து இந்த ஊர்களுக்குத் தொற்றிக்கொண்டது. டெகாட்டேவுக்குப் பெயர் தந்த ஊரும் டிஹுவானா இருக்கும் அதே மாநிலத்தில்தான் இருக்கிறது என்பது வேடிக்கை. மெக்சிகோ பீர் மெல்லியது என்று நினைத்துக்கொண்டு என்செனாடாவில் நான் குடித்த முதல் ஸ்டவுட்டை, அந்தக் கருப்பு பீரை, இன்னும் மறக்கவில்லை.

நாடோடி குமார்:
நெக்ரா மொடேலோவைத் தவறவிட்டது என் தப்பு. மற்றபடி என் வாதம் அப்படியேதான் இருக்கிறது. தெருமுனையில் கிடைத்தால் வகை. நாட்டின் வடமேற்கு மூலைக்கு விமானம் பிடித்துப் போய்க் குடிப்பதற்குப் பெயர் புனித யாத்திரை.

தேன்மொழி:
விமானம் எதற்கு? மெக்சிகோ சிட்டியில் நான்கு நாள் இருந்தீர்களே. அந்நகரின் ரோமா, கொண்டேசா பேட்டைகள் பக்கம் சிறு ஆலைகளின் பீர் விற்கும் கடைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றனவே.

நாடோடி குமார்:
நான் தங்கியது ரோமாவில்தான்.

பாண்டி 77:
மாமா, ஒரு நெக்ரா மொடேலோவைத் திறங்கள். குமாருக்கு எலுமிச்சை வேண்டாம்.