மலிவான சிவப்பு ஒயின்: ருசி கொடியில் வருகிறதா, தொட்டியில் வருகிறதா?

கொடிக்கால்:
சிலி நாட்டின் விலை குறைந்த சிவப்பு ஒயின் என்றாலே "எல்லாம் ஆலைச் சரக்கு" என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கிழக்கே ஆண்டிஸ் மலை, மேற்கே குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டம், வடக்கே அட்டகாமா பாலைவனம். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களை அழித்த ஃபைலாக்ஸெரா வேர்ப்பூச்சி அங்கே காலூன்றவே இல்லை. அதனால் பெரும்பாலான கொடிகள் ஒட்டுக்கட்டாமல் சொந்த வேரிலேயே நிற்கின்றன. மத்தியப் பள்ளத்தாக்கில் கோடை மழை அபூர்வம். பூஞ்சாண நோயும் மருந்துச் செலவும் குறைவு. பாசனத்துக்கு மலைப்பனி உருகி வரும் தண்ணீர். மலிவுக்குக் காரணம் நிலம்தான், ஆலை அல்ல.

தொட்டிக்கரை:
நீங்கள் சொன்னதெல்லாம் விலைக்குக் காரணம். ருசிக்கு என்ன காரணம்? தண்ணீரைத் தாராளமாக விட்டால் எக்டேருக்கு 20 டன்கூடக் காய்க்கும், சாறு நீர்த்துப்போகும். அதைக் குடிக்கும்படி ஆக்குவது தொட்டி வேலை. புளிப்பு குறைந்தால் டார்டாரிக் அமிலம் சேர்ப்பார்கள். துவர்ப்பு முரடாக இருந்தால் பொடிப்பொடியாக ஆக்சிஜன் குமிழிகளைச் செலுத்துவார்கள். அது 1990களில் பிரான்சின் மதிரான் பகுதியில், தனா திராட்சையின் துவர்ப்பை அடக்க உருவான முறை. ஓக் பீப்பாய்க் கணக்கையும் பாருங்கள். 225 லிட்டர் பிரெஞ்சுப் பீப்பாய் பல நூறு யூரோ. அதில் தேறுவது 300 பாட்டில். மலிவு ஒயினுக்கு இது எப்படிக் கட்டுப்படியாகும்? ஓக் சீவலைப் பையில் கட்டித் தொட்டிக்குள் போட்டால் பாட்டிலுக்குச் சில காசுதான். ஐரோப்பிய ஒன்றியமே 2006இல் இதை அனுமதித்துவிட்டது. உங்கள் கிளாஸில் வரும் வெனிலா வாசனை ஆண்டிஸ் மலையிலிருந்து இறங்கி வரவில்லை, நண்பரே.

கொடிக்கால்:
வெனிலாவை விடுங்கள், சிலி ஒயினில் அடிக்கும் குடைமிளகாய் வாடைக்கு வாருங்கள். 1994இல் பிரெஞ்சுத் திராட்சை நிபுணர் ஜான்-மிஷெல் பூர்சிகோ சிலியின் மைப்போ பள்ளத்தாக்கில் ஒரு தோட்டத்தைப் பார்வையிட்டார். மெர்லோ ரகம் என்று நம்பி வளர்த்த கொடிகள் உண்மையில் கார்மெனேர் என்று அடையாளம் கண்டார். பிரான்சின் போர்டோ பகுதியில் அநேகமாக மறைந்துபோயிருந்த ரகம் அது. மெர்லோவைவிடச் சில வாரங்கள் பிந்திப் பழுக்கும். இரண்டும் கலந்து நின்ற தோட்டத்தில் மெர்லோ பழுத்ததும் எல்லாவற்றையும் பறித்துவிட்டால், காய்வெட்டான கார்மெனேர் குலைகளும் சேர்ந்து வரும். அவற்றிலுள்ள பைரசின் என்ற வேதிப்பொருள்தான் அந்தப் பச்சைக் குடைமிளகாய் வாடை. உங்கள் ஓக் சீவல் அதன்மேல் போர்வை போர்த்தும், அவ்வளவுதான். தீர்வு தோட்டத்தில்தான் கிடைத்தது: ரகத்தைத் தனியே பிரிப்பது, குலையைச் சுற்றியுள்ள இலைகளைக் கிள்ளி வெயில் படவிடுவது, ஏப்ரல் கடைசி, மே வரைகூடப் பொறுத்திருப்பது.

தொட்டிக்கரை:
வெறும் போர்வை என்று சொல்லாதீர்கள். நசுக்கிய திராட்சையை 70 டிகிரி வாக்கில் சூடேற்றினால் அந்த வாடை ஓரளவு பறந்துவிடும். தோலிலிருந்து நிறமும் சீக்கிரம் இறங்கும்.

கொடிக்கால்:
இறங்கும். அப்புறம் எந்த ஊர்த் திராட்சையானாலும் ஒரே ஜாம் வாசனைதான் அடிக்கும்.

கடைக்கணக்கு:
இருவரும் காசை மறந்துவிட்டுச் சண்டை போடுகிறீர்கள். சிலி ஒயின் நிறைய விற்கும் பிரிட்டனையே எடுத்துக்கொள்வோம். 2023 ஆகஸ்டில் மதுவுக்குப் புதிய தீர்வை (வரி) வந்தபோது, வழக்கமான சிவப்பு ஒயின் பாட்டிலுக்கு 2.67 பவுண்டு. 6 பவுண்டு பாட்டிலில் வாட் வரி 1 பவுண்டு. மிச்சம் 2.33. கண்ணாடி, மூடி, கப்பல், கடை லாபம் எல்லாம் போய்த் திராட்சைக்கு என்ன மிஞ்சும்? அதே தீர்வையில் 9 பவுண்டு பாட்டில் என்றால் வாட் 1.50, மிச்சம் 4.83. விலை ஒன்றரை மடங்குதான், மிச்சமோ இரண்டு மடங்குக்கு மேல். இதனால்தான் மலிவு ஒயின் பாட்டிலில் ஏறாமல், 24,000 லிட்டர் பிளாஸ்டிக் பையாகக் கன்டெய்னரில் படுத்துக்கொண்டு கடல் தாண்டுகிறது. பழுக்கும்வரை காத்திருப்பதற்கும் இலை கிள்ளும் கூலிக்கும் இந்த மிச்சத்தில்தான் இடம் வேண்டும்.

மழைநம்பி:
கணக்கு சரி. ஆனால் சிலியில் மௌலே பகுதியின் கௌகேனஸ் பக்கம் போனால் இது தடுமாறும். 1939 சில்லான் நிலநடுக்கத்துக்குப் பிறகு, பைஸ் என்ற நாட்டு ரகத்தின் மெலிந்த ஒயினுக்கு நிறமும் புளிப்பும் கூட்ட அங்கே கரிஞான் என்ற சிவப்பு ஒயின் திராட்சையை நட்டார்கள். பந்தல் இல்லை, கம்பி இல்லை. குட்டைப் புதராக நிற்கும் கொடி. பாசனமே கிடையாது. காய்ப்பு குறைவு, சாறு அடர்த்தி. பல பத்தாண்டுகள் அது பெயரில்லாமல் மலிவுக் கலவைகளில் கரைந்துபோனது. தொட்டிக்காரர்கள் தங்கள் சாமர்த்தியம் என்று நினைத்ததில் இந்தக் கிழட்டுக் கொடிகளுக்கும் பங்கு உண்டு.

தொட்டிக்கரை:
அந்த பைஸையே எடுத்துக்கொள்வோம். வழக்கமான முறையில் செய்தால் நிறம் வெளுப்பு, நாக்கில் சொரசொரப்பு. முழுக் குலைகளைக் கரியமில வாயு நிரப்பிய தொட்டியில் மூடிவைத்து, பழத்துக்குள்ளேயே நொதித்தலைத் தொடங்கவிட்டால், பிரான்சின் பொஜொலே பகுதிப் பாணியில் மென்மையான, பழவாசனை மிகுந்த ஒயின். கொடி ஒன்றுதான், ஒயின் இரண்டு. இதற்கு என்ன சொல்வீர்கள்?

கொடிக்கால்:
முழுக் குலை வேண்டுமென்றால் கையால் பறிக்க வேண்டும். சமவெளியில் ஓடும் அறுவடை இயந்திரம் கொடியை உலுக்கிப் பழத்தை உதிர்த்துத்தான் எடுக்கும். காம்பு கொடியிலேயே தங்கிவிடும். உங்கள் தொட்டி வித்தைக்கும் தோட்டத்தின் சம்மதம் வேண்டும்.

கடைக்கணக்கு:
சரி, கடையில் நிற்கிறீர்கள், கையில் 8 பவுண்டு. எதை எடுப்பீர்கள்?

கொடிக்கால்:
'மத்தியப் பள்ளத்தாக்கு' என்று மட்டும் போட்டிருந்தால் வைத்துவிடுவேன். மைப்போ, ரப்பேல், குரிக்கோ, மௌலே நான்கையும் அந்தப் பெயருக்குள் கலந்து அடைக்கலாம். மௌலே என்று தனியாக இருந்தால் எடுப்பேன். 'செகானோ' என்றும் இருந்தால், அது மானாவாரித் தோட்டம், யோசிக்கவே மாட்டேன்.

தொட்டிக்கரை:
ஊரைப் பார்க்க மாட்டேன், அறுவடை ஆண்டைப் பார்ப்பேன். இந்த விலையில் மூன்று ஆண்டுக்கு மேல் அலமாரியில் கிடந்த பாட்டிலை எந்த மண்ணும் காப்பாற்றாது.