விரல் துண்டானால் எங்கே ஓடுவது: கொருக்குப்பேட்டை தெருக் குழு

தம்பி வீட்டு அக்கா: எல்லோருக்கும் வணக்கம். ராத்திரி நிறைய பேர் போன் செய்திருக்கிறீர்கள், எடுக்க முடியவில்லை. தம்பிக்கு ஆபரேஷன் முடிந்து விடியற்காலையில்தான் வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். தகடு வெட்டுகிற மெஷினில் இடது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரல் நுனியும் போய்விட்டது. கட்டைவிரலை ஒட்டியிருக்கிறார்கள். ஆள்காட்டி விரல் நுனி நசுங்கிவிட்டதால் முடியவில்லை என்று டாக்டர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார்.

ஆட்டோ அண்ணன்: ஸ்டான்லி ஆஸ்பத்திரிதானேம்மா?

தம்பி வீட்டு அக்கா: ஆமாம் அண்ணா. ரயில்வே கேட் மூடியிருந்தது, மூலகொத்தளம் பக்கமாகச் சுற்றிப் போனோம். கூட வேலை செய்கிற பையன் ஒருவன்தான் விரலைக் கையோடு எடுத்து வந்தான்.

நாலாம் வீட்டு ஆயா: கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரியா? அங்கே போனால் கை வந்துவிடும் கண்ணு, கவலைப்படாதே. கட்டைவிரல் இருந்தால் போதும், சோறு பிசைந்து சாப்பிடலாம்.

மளிகைக்கடை அண்ணாச்சி: ஏம்மா, பக்கத்திலேயே நர்சிங் ஹோம் இருக்கே, முதலில் அங்கே ரத்தத்தை நிறுத்திவிட்டுப் போயிருக்கலாமே?

மாடி வீட்டு சிஸ்டர்: அண்ணாச்சி, நீங்கள் அக்கறையில்தான் கேட்கிறீர்கள். ஆனால் அந்த இடத்தில்தான் பல பேருக்கு விரல் போகிறது. ரத்தத்தை நிறுத்த நர்சிங் ஹோம் தேவையில்லை, சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும். விரலை ஒட்டுவதற்குத் தேவையானது மைக்ராஸ்கோப்பும் அதில் பழகிய கையும். முடியை விட மெல்லிய நூலால் ரத்தக்குழாயைத் தைக்க வேண்டும், முதலில் எலும்பைக் கம்பி போட்டு நிறுத்தி, அப்புறம் தசைநார், நரம்பு, தமனி, சிரை என்று ஒவ்வொன்றாக. அது இல்லாத இடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் வீண்தான்.

மாடி வீட்டு சிஸ்டர்: ஸ்டான்லியில் கைக்கென்றே தனித் துறை இருக்கிறது. டாக்டர் ஆர். வெங்கடசுவாமி வளர்த்தெடுத்தது, அவர் பத்மஸ்ரீ வாங்கியவர். 2018-இல் இரண்டு கையும் இல்லாத ஒருவருக்கு, மூளைச்சாவு அடைந்தவரின் கைகளைப் பொருத்தியதும் அங்கேதான். நம் ஏரியாவில் பட்டறை, பிரஸ், துறைமுகம், காசிமேட்டு போட் என்று எங்கே பார்த்தாலும் கையை வைத்துத்தான் பிழைப்பு. அதற்கான சிகிச்சை இவ்வளவு பக்கத்தில், அதுவும் இலவசமாக இருப்பது எத்தனை பெரிய விஷயம் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

டீச்சர்: ஆயா சொன்ன பெயருக்கும் காரணம் இருக்கிறது. 1782 பஞ்சத்தில் மணியக்காரர் சத்திரத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றினார்கள், அங்கேயிருந்து வளர்ந்ததுதான் இந்த ஆஸ்பத்திரி. 1938-இல் மருத்துவக் கல்லூரி ஆனது.

மளிகைக்கடை அண்ணாச்சி: சரி சிஸ்டர், இனி ஞாபகம் வைத்துக்கொள்கிறேன். எனக்கு இன்னொரு குழுவில் வந்தது, பாருங்கள்.

மளிகைக்கடை அண்ணாச்சி (பகிர்ந்தது): விரல் துண்டாகிவிட்டால் உடனே பாலில் போட்டு எடுத்துச் செல்லுங்கள், இல்லையென்றால் ஐஸ் கட்டிக்குள் புதைத்து வையுங்கள். அனைவருக்கும் பகிருங்கள்.

மாடி வீட்டு சிஸ்டர்: இதைத் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள் அண்ணாச்சி. பால் என்பது பல்லுக்கு. விழுந்து பல் வேரோடு வந்துவிட்டால் பாலில் போட்டு எடுத்துப் போகலாம், அது சரி. யாரோ அதையும் இதையும் கலந்துவிட்டிருக்கிறார்கள். விரலைப் பாலில் போடக்கூடாது, ஐஸில் நேராகப் படவும் விடக்கூடாது. ஐஸ் பட்டால் சதை உறைந்து, உள்ளே ரத்தக்குழாய் கெட்டுவிடும், அப்புறம் எந்த டாக்டராலும் ஒன்றும் செய்ய முடியாது.

பட்டறை பாய்: சிஸ்டர் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. என் வலது கை மோதிர விரல் இப்படித்தான் போனது. டம்ளர் நிறைய ஐஸ் போட்டு அதற்குள் விரலைப் போட்டுக் கொண்டுபோனார்கள், அதுவும் இரண்டு கிளினிக் ஏறி இறங்கிய பிறகு. கடைசியில் பார்த்த டாக்டர் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் மூடி வைத்தார். அன்றைக்கு எங்களுக்குச் சொல்ல ஆளில்லை. சிஸ்டர், எப்படிக் கொண்டுபோக வேண்டும் என்று விவரமாக எழுதுங்கள். நான் அதைப் பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்து எங்கள் பட்டறை வரிசை முழுக்க ஒட்டுகிறேன்.

மாடி வீட்டு சிஸ்டர்: எழுதுகிறேன் பாய். விரலில் மண்ணோ எண்ணெய்யோ இருந்தால் சுத்தமான தண்ணீரில் ஒருமுறை அலசினால் போதும், தேய்க்காதீர்கள். டெட்டால், மஞ்சள், காபித்தூள் எதுவும் வேண்டாம், விரலுக்கும் வேண்டாம், கையில் இருக்கிற காயத்துக்கும் வேண்டாம். சுத்தமான துணியை நனைத்துப் பிழிந்து அதில் விரலைச் சுற்றி, ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுத் தண்ணீர் போகாதபடி முடிச்சுப் போடுங்கள். அந்தக் கவரை, தண்ணீரும் ஐஸும் கலந்த இன்னொரு கவரிலோ டப்பாவிலோ வையுங்கள். விரல் குளிர்ச்சியாக இருக்க வேண்டும், உறையக்கூடாது, தண்ணீரில் ஊறவும் கூடாது. அவ்வளவுதான்.

மாடி வீட்டு சிஸ்டர்: ஒரு தோல் பிடிப்பில் தொங்கிக்கொண்டிருந்தால்கூட அதை அறுத்து எடுக்காதீர்கள், அந்தத் துளித் தோலில் ஒரு சிரை ஓடிக்கொண்டிருக்கலாம். அப்படியே துணி சுற்றிக் கொண்டுபோங்கள். மோதிரம் இருந்தால் வீங்குவதற்கு முன்னால் கழற்றிவிடுங்கள். கயிறு, ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கிக் கட்டாதீர்கள். அடிபட்டவருக்கு டீ, சோடா எதுவும் கொடுக்காதீர்கள், மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். 108-க்கு அடியுங்கள், வரத் தாமதமானால் ஆட்டோவில் போங்கள், ஆனால் தனியாக பைக்கில் அனுப்பாதீர்கள்.

ஆட்டோ அண்ணன்: சிஸ்டர், எவ்வளவு நேரத்துக்குள் போக வேண்டும்?

மாடி வீட்டு சிஸ்டர்: எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. விரலில் தசை கிடையாது, அதனால் குளிர்ச்சியாகப் பாதுகாத்தால் கொஞ்சம் தாங்கும், பல மணி நேரம் கழித்துக்கூட ஒட்டியிருக்கிறார்கள். மணிக்கட்டுக்கு மேலே, முழங்கைப் பக்கம் துண்டானால் அப்படியில்லை, அங்கே தசை இருக்கிறது, 6 மணி நேரம் தாண்டினாலே ஆபத்து. அதனால் நேரம் இருக்கிறது என்று யாரும் நிதானமாகக் கிளம்ப வேண்டாம்.

டீச்சர்: ஆள்காட்டி விரலை ஒட்டவில்லை என்பதுதான் மனசுக்கு உறுத்துகிறது. இன்னும் முயற்சி செய்திருக்கலாமோ?

மாடி வீட்டு சிஸ்டர்: டீச்சர், நசுங்கிய விரலில் ரத்தக்குழாயும் நசுங்கியிருக்கும். சுத்தமாக வெட்டுப்பட்டதைத் தைப்பது வேறு, இது வேறு. முடியாததை முடியும் என்று சொல்லாமல், குடும்பத்தை உட்காரவைத்துச் சொன்னாரே, அதுதான் நல்ல வைத்தியம். கட்டைவிரல் இல்லாமல் எதையும் சரியாகப் பிடிக்க முடியாது, கையின் வேலையில் கிட்டத்தட்ட 40 சதவீதம் அதற்குத்தான் என்பார்கள். அதனால்தான் அதற்காக ராத்திரி முழுக்க நின்றிருக்கிறார்கள்.

தம்பி வீட்டு அக்கா: சிஸ்டர், நர்ஸ் மணிக்கு ஒருமுறை வந்து விரல் நுனியை அழுத்திப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டு போகிறார். எனக்குப் பயமாக இருக்கிறது, ஏதாவது பிரச்சினையா?

மாடி வீட்டு சிஸ்டர்: பயப்படாதே அம்மா, அது நல்லதுக்குத்தான். அழுத்தியதும் வெளுத்து, விட்டதும் திரும்ப இளஞ்சிவப்பு வருகிறதா என்று பார்க்கிறார்கள். விரல் வெளிறிப்போனால் ரத்தம் உள்ளே போகவில்லை, நீலமாகவோ கருப்பாகவோ ஆனால் ரத்தம் வெளியே வரமுடியாமல் தேங்குகிறது. நீயும் பார்த்துக்கொண்டே இரு, நிறம் மாறினாலோ விரல் ஜில்லென்று ஆனாலோ ராத்திரி எத்தனை மணியானாலும் உடனே நர்ஸைக் கூப்பிடு. தொந்தரவு என்று நினைக்காதே. முதல் சில நாள்தான் முக்கியம். தலையணை வைத்துக் கையை உயர்த்தியே வைத்திரு.

நாலாம் வீட்டு ஆயா: பிள்ளைக்குச் சூடாக காபி போட்டு அனுப்பட்டுமா?

மாடி வீட்டு சிஸ்டர்: ஆயா, காபி டீ இப்போதைக்கு வேண்டாம், டாக்டர் சொல்கிறவரை. அதைவிட முக்கியம் பீடி, சிகரெட், ஹான்ஸ் மாதிரி புகையிலை, எதுவும் கூடாது. ஒரு இழுப்பு இழுத்தாலே அந்தச் சின்ன ரத்தக்குழாய் சுருங்கிவிடும், ஒட்டிய விரலே போய்விடலாம். தம்பி புகைக்காமல் இருந்தால் மட்டும் போதாது, பார்க்கப் போகிற நண்பர்கள் வெளியே நின்று இழுத்துவிட்டு அப்படியே கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நிற்கக்கூடாது. இதை நான் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

பட்டறை பாய்: பசங்களிடம் நான் பேசுகிறேன். ஒருவரும் இழுத்துவிட்டுப் போக மாட்டார்கள்.

சங்கத்து அண்ணன்: அக்கா, தம்பிக்கு இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் காப்பீடு இருக்கிறதா? சம்பளச் சீட்டில் பிடித்தம் தெரிகிறதா பாருங்கள். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால், மாதச் சம்பளம் 21,000-க்குள் இருந்தால் முதலாளி கட்டியே ஆக வேண்டும். வேலையில் நடந்த விபத்து என்றால், சேர்ந்து ஒரு நாள்தான் ஆனது என்றாலும், வேலைக்குப் போக முடியாத காலம் முழுக்க சம்பளத்தில் 90 சதவீதம் வரும். விரல் போனதற்கு மெடிக்கல் போர்டு பார்த்து மாதாமாதம் தனிப் பணம்.

தம்பி வீட்டு அக்கா: அங்கே ஆறு பேர்தான் அண்ணா. முதலாளி ராத்திரி வந்து ஆஸ்பத்திரியில் நின்றார், ஆனால் இஎஸ்ஐ எதுவும் இல்லை.

சங்கத்து அண்ணன்: அப்படியென்றால் வேலை விபத்துக்கு முதலாளியிடம் நஷ்டஈடு வாங்கச் சட்டம் இருக்கிறது, தொழிலாளர் துறையில் கேட்கலாம். எந்த வெள்ளைத் தாளிலும் தம்பி கையெழுத்துப் போட வேண்டாம். ஏஆர் காப்பி (ஆஸ்பத்திரியில் எழுதுகிற விபத்துப் பதிவு), டிஸ்சார்ஜ் சம்மரி, ஓபி சீட்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். மெஷினில் கை படாமல் தடுக்கிற பாதுகாப்பு மூடி இருந்ததா, கழற்றியிருந்தார்களா என்பதையும் கூட இருந்த பையன் மறப்பதற்குள் எழுதி வாங்குங்கள். முதலாளி நல்லவராக இருக்கலாம், அது வேறு, தம்பிக்குச் சேர வேண்டியது வேறு.

தம்பி வீட்டு அக்கா: சரி அண்ணா. சிஸ்டர், அவன் திரும்ப வேலைக்குப் போக முடியுமா? அதைத்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

மாடி வீட்டு சிஸ்டர்: போகலாம் அம்மா, ஆனால் நாளாகும். நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்தான் வளரும், உணர்ச்சி வர மாதக்கணக்கில் ஆகும். கட்டுப் பிரித்ததும் பிசியோதெரபிக்குக் கூப்பிடுவார்கள், வலிக்கிறது என்று நிறுத்திவிட்டால் விரல் ஒட்டியிருந்தும் மடங்காது. நிறைய பேர் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள், ஆட்டோக் காசு இல்லை, கூடப் போக ஆள் இல்லை என்று.

ஆட்டோ அண்ணன்: பிசியோவுக்கு நான் கூட்டிப்போகிறேன். காலையில் ஸ்கூல் டிரிப் முடிந்ததும் எனக்கு வேலை இல்லை. காசு பேச்சே வேண்டாம்.

மளிகைக்கடை அண்ணாச்சி: அரிசி பருப்பு கடையில் எடுத்துக்கொள்ளம்மா, கணக்கு அப்புறம் பார்க்கலாம். அந்தப் பால் செய்தியை அழித்துவிட்டேன், அந்தக் குழுவிலும் சிஸ்டர் எழுதியதைப் போட்டுவிட்டேன்.

டீச்சர்: வார்டில் ஒருவர்தான் இருக்கலாம் அல்லவா, அக்கா ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. பகலில் நான் போய் இருக்கிறேன், அக்கா வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுக் கொஞ்சம் படுக்கட்டும். சிஸ்டர், விரல் நிறத்தை எப்படிப் பார்ப்பது என்று கிளம்புவதற்கு முன் எனக்கு நேரில் காட்டிவிடுங்கள்.

மாடி வீட்டு சிஸ்டர்: கீழே வாங்க டீச்சர், வாசலில் இருக்கிறேன்.