டயல்கள் மாறிக் கிடக்கின்றன, படம் தானாக இருண்டுபோகிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் சரிசெய்ய வேண்டும், உதவுங்கள்

கூதிர்_23 (வெள்ளி, இரவு 10:42)
அனைவருக்கும் வணக்கம். பழைய கேமரா ஒன்று வாங்கி இரண்டு வாரம் ஆகிறது. இரண்டு டயல்களும் இடம் மாறிக் கிடக்கின்றன. முன் டயலைத் திருப்பினால் நடக்க வேண்டியது பின் டயலைத் திருப்பினால் நடக்கிறது. முன் டயல் என்னதான் செய்கிறது என்றே புரியவில்லை. இதற்கிடையில் படங்கள் தாமாகவே இருண்டுபோகின்றன. பத்துப் படம் நன்றாக வரும், பதினோராவது கரிக்கட்டை. ஞாயிறு விடியற்காலையில் டெல்லி காஷ்மீரி கேட் பக்கம் யமுனைப் படித்துறைக்கு ஆலாப் பறவைகளைப் படம் பிடிக்கப் போகிறேன். அதற்குள் டயல்களை என் கைக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும். அவசரம்.

ஐந்தாம்_மாடி (10:51)
எந்த கேமரா? எந்த மோடு? எந்த லென்ஸ்? வைத்தியருக்கு போன் செய்து "வலிக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள்.

மணல்மேடு (10:58)
கேனானாக இருந்தால் எனக்கு விடை தெரியும். 40டி, 50டி, 5டி மார்க் 2 போன்ற பழைய உடல்களில் பவர் சுவிட்சுக்கு மூன்று நிலைகள் உண்டு. ஆஃப், ஆன், அதற்கும் மேலே வளைந்த கோடு ஒன்று. ஆன் வரை மட்டும் தள்ளினால் பின்பக்கச் சக்கரம் எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, தொடாது. கோடு வரை தள்ள வேண்டும். பிறகு வந்தவற்றில் தனியாக லாக் சுவிட்ச் வைத்துவிட்டார்கள். நான் பார்த்த 'டயல் பழுது'களில் பெரும்பாலானவை இந்தச் சுவிட்ச்தான். முதலில் அதைப் பாருங்கள்.

பழைய_பிலிம் (11:07)
கேமராவோடு ஒரு புத்தகம் கொடுப்பார்கள். கையேடு என்று பெயர். அதைப் படிக்கும் வழக்கம் ஒழிந்தபின் இப்படி இழைகள் முளைக்கின்றன. நிக்கான் எஃப்எம்2 வைத்திருந்தவன் நான். ஒளி நுழையும் துளையை மாற்றும் அபர்ச்சர் லென்ஸின் வளையத்தில், ஒளி விழும் நேரத்தை மாற்றும் ஷட்டர் தலைமேல். எது எங்கே என்று எவனும் எவனையும் கேட்டதில்லை.

கூதிர்_23 (11:15)
கையேடு தரவில்லை ஐயா, கூச்சா சௌத்ரி கேமராச் சந்தையில் ஒரு கடையில் வாங்கியது. பெட்டியே தரவில்லை. கேமரா நிக்கான் டி7200. ஏ மோடு, அபர்ச்சரை மட்டும் நான் வைப்பது. லென்ஸ் உடன் வந்ததுதான். இன்னொன்று, அணைத்துவிட்டு மறுபடி போட்டால் கொஞ்ச நேரம் நன்றாக இருக்கிறது.

முனிர்கா_மொட்டைமாடி (11:21)
கடைசி வரியில் விடை இருக்கிறது. டயலுக்கு அடியில் தூசி. டெல்லித் தூசிக்கு இணை கிடையாது, அக்டோபரில் துடைத்த அலமாரியில் நவம்பரில் கீரை விதைக்கலாம். டயலின் தொடுமுனைகளில் அழுக்கு சேர்ந்தால் ஒரு சொடுக்குக்கு மூன்று சொடுக்கு நகரும், சில நேரம் எதிர்ப்பக்கமும் நகரும். கான்டாக்ட் கிளீனர் ஒரு துளி விட்டு இருபுறமும் நூறு முறை திருப்புங்கள்.

ஒளிக்குடில் (11:34)
யாரும் எதையும் விடாதீர்கள். தெளிக்கும் திரவம் உள்ளே எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது.

கூதிர், எனக்கு இது பழுதாகவே தெரியவில்லை. முன்பு வைத்திருந்தவர் தம் கைக்கு ஏற்ப அமைத்து வைத்ததை நீங்கள் அப்படியே வாங்கியிருக்கிறீர்கள். இரண்டு அமைப்புகள் சேர்ந்தால் நீங்கள் சொல்வது அப்படியே நடக்கும்.

ஒன்று, கஸ்டம் செட்டிங்ஸில் எஃப் பிரிவில் 'கஸ்டமைஸ் கமாண்ட் டயல்ஸ்'. அதற்குள் 'சேஞ்ச் மெயின்/சப்' இயங்கினால் முன் டயலும் பின் டயலும் வேலையை மாற்றிக்கொள்ளும். வழக்கமாக ஏ மோட்டில் அபர்ச்சர் முன் டயலில். உங்களுக்குப் பின்னால் போய்விட்டது. அங்கேயே 'ரிவர்ஸ் ரொட்டேஷன்' என்பதும் இருக்கும், அது திருப்பும் திசையைத் தலைகீழாக்குவது.

இரண்டு, பி பிரிவில் 'ஈஸி எக்ஸ்போஷர் காம்பென்சேஷன்'. வழக்கமாகக் கூட்டல் கழித்தல் பொத்தானை அழுத்திக்கொண்டுதான் படத்தை வெளிச்சமாகவோ இருட்டாகவோ தள்ள முடியும். இதை இயக்கினால் பொத்தான் வேண்டாம், வேலை இல்லாமல் சும்மா இருக்கும் டயலைத் திருப்பினாலே போதும். உங்கள் கேமராவில் சும்மா இருப்பது முன் டயல். கைப்பிடியில் நடுவிரல் உரசும் இடம். கையுறை போட்டுக்கொண்டு எடுக்கிறீர்களா?

இருண்ட படம் வரும்போது கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டருக்குள் கூட்டல் கழித்தல் குறி தெரிகிறதா என்று பாருங்கள்.

கூதிர்_23 (11:49)
அண்ணா, கம்பளிக் கையுறைதான். குறியும் தெரிகிறது! ஆனால் நீங்கள் சொல்லும் பெயர்கள் எதுவும் என் மெனுவில் இல்லை.

ஐந்தாம்_மாடி (11:53)
இல்லாமல் இருக்காது. மெனுவைப் படமெடுத்துப் போடுங்கள்.

கூதிர்_23 (11:58)
மெனு இந்தியில் இருக்கிறது. டெல்லிக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகிறது, எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறேன்.

ஐந்தாம்_மாடி (11:59)
இதை முதல் வரியில் எழுதியிருக்க வேண்டாமா?

ஒளிக்குடில் (சனி, 12:06)
பரவாயில்லை. இடப்பக்கப் படங்களில் திருகுச்சாவி போன்றதற்குள் மொழி மாற்றும் இடம் இருக்கிறது. பென்சில் படம்தான் கஸ்டம் செட்டிங்ஸ். உள்ளே போனதும் நட்சத்திரக் குறிகளைத் தேடுங்கள். கேமரா பிறந்தபோது இருந்ததிலிருந்து எதையெல்லாம் மாற்றினார்களோ அதன் பக்கத்தில் நட்சத்திரம் நிற்கும். முன்னவர் எங்கெல்லாம் கை வைத்தார் என்று வேறு யாரையும் கேட்க வேண்டாம். பச்சைப் புள்ளி இட்ட இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அழுத்தி மீட்டெடுக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். அது கஸ்டம் செட்டிங்ஸைத் தொடாது.

கூதிர்_23 (12:21)
நான்கு நட்சத்திரங்கள். நீங்கள் சொன்ன இரண்டும் அதில் இருக்கின்றன. மாற்றிவிட்டேன். முன் டயலைத் திருப்பினால் அபர்ச்சர் மட்டும் மாறுகிறது. நன்றி அண்ணா, தூங்கப் போகிறேன்.

பழைய_பிலிம் (காலை 6:40)
கையேட்டில் உள்ளதையே நள்ளிரவில் கதையாகச் சொல்லியிருக்கிறார்கள். போகட்டும். யமுனையில் குளிர்காலத்தில் வருபவை ஆலாக்கள் அல்ல. அவை கடற்காகங்கள்.

மணல்மேடு (7:15)
எங்கள் ஊரில் கடல்மேல் வெள்ளையாகப் பறக்கிற எல்லாமே ஆலாதான் ஐயா. கரையில் நின்று பெயர் வைத்தவர்களுக்குத் தெரியாததா?

பழைய_பிலிம் (7:22)
ஆலாவுக்கு வால் பிளந்திருக்கும், உடல் ஒல்லி, நீருக்கு மேல் ஒரு நொடி நின்று தலைகுப்புற விழும். படித்துறையில் படகுக்குப் பின்னால் கூட்டமாகக் கத்திக்கொண்டு சேவுக்கு அடித்துக்கொள்பவை கருந்தலைக் கடற்காகமும் பழுப்புத்தலைக் கடற்காகமும். குளிர்காலத்தில் தலை கறுப்பாக இருக்காது, கண்ணுக்குப் பின்னால் ஒரு பொட்டுதான், அதனால் குழப்பம். இவற்றை எம் மோட்டில், அபர்ச்சரையும் ஷட்டரையும் நாமே வைத்து, எடுக்க வேண்டும். ஏ மோட்டில் எடுப்பது சோம்பேறித்தனம். டயல் எதற்கு இருக்கிறது?

சரக்கொன்றை (7:41)
சேவு போடுவதையே நிறுத்த வேண்டும் என்பது என் கட்சி. நான்கு மாதம் கடலைமாவுப் பொரியல் தின்றுவிட்டு அவை எப்படித் திரும்பிப் போகும்? எம் மோடு பற்றி: படகிலிருந்து எடுக்கும்போது பறவைக்குப் பின்னால் ஒரு நொடி கறுத்த தண்ணீர், மறுநொடி வெளுத்த பனிமூட்டம். கேமராவின் ஒளிமீட்டர் ஏமாறும், பறவையின் வெள்ளை மாறுவதில்லை. அதுவரை ஐயா சொல்வது சரி. ஆனால் ஏழரைக்கு மேல் மூட்டம் விலகும்போது வெளிச்சம் நிமிடத்துக்கு நிமிடம் ஏறுகிறது. அப்போது எம் மோட்டில் இருப்பவர் டயலைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். நான் எம் மோட்டில் ஐஎஸ்ஓ என்கிற ஒளி உணர்திறனை மட்டும் தானியங்கியில் விடுகிறேன்.

பழைய_பிலிம் (7:48)
ஐஎஸ்ஓ தானாக ஓடினால் அது எம் மோடே அல்ல, வேடம் போட்ட ஏ மோடு. டயலைக் கொண்டுவந்த நிக்கான்காரனுக்கே இது தெரிந்தால் வருந்துவான்.

மணல்மேடு (8:03)
ஐயா, இங்கே மட்டும் உங்களைத் திருத்த அனுமதியுங்கள். ஷட்டர் பொத்தானுக்குப் பின்னால் ஒற்றை டயலை வைத்து, பொத்தானை அழுத்தி டயலைத் திருப்பு என்று பழக்கியது கேனான் டி90 (T90), 1986ஆம் ஆண்டு. உடலை வடிவமைத்ததில் ஜெர்மன் வடிவமைப்பாளர் லூயிஜி கொலானிக்குப் பங்கு உண்டு. பின்பக்கப் பெரிய சக்கரம் 1989இல் இஓஎஸ்-1இல் வந்தது. கட்டைவிரலுக்கு வேலை கொடுத்தது அதுதான்.

பழைய_பிலிம் (8:09)
டி90 நல்ல கேமரா. மறுக்கவில்லை.

ஐந்தாம்_மாடி (8:10)
இதைப் பொன்னெழுத்தில் பொறித்து வையுங்கள்.

கூதிர்_23 (மாலை 5:32)
மறுபடியும் பழையபடி ஆகிவிட்டது!! லோதி தோட்டத்துக்குச் சோதனைக்குப் போனேன். கேமராவைப் போட்டதும் அபர்ச்சர் பின் டயலுக்குப் போய்விட்டது. எட்டாவது படத்தில் கரிக்கட்டை. மெனுவைத் திறந்தால் நான்கு நட்சத்திரங்களும் அப்படியே நிற்கின்றன.

முனிர்கா_மொட்டைமாடி (5:36)
தூசி.

மணல்மேடு (5:44)
உள்ளே இருக்கும் சிறு பேட்டரி செத்திருக்கும். அமைப்புகளை நினைவில் வைப்பது அதுதானே.

ஒளிக்குடில் (6:02)
அது செத்தால் தேதியும் நேரமும் அழியும், கேமரா கடிகாரத்தைக் கேட்கும். அப்படிக் கேட்கிறதா? இல்லையென்றால் ஒன்று சொல்லுங்கள். மேலே இடப்பக்கம் உள்ள பெரிய மோட் டயலில் வெள்ளைக் கோட்டுக்கு நேராக நிற்கும் எழுத்து எது? மனத்திலிருந்து சொல்ல வேண்டாம், கேமராவை எடுத்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

கூதிர்_23 (6:05)
யூ1.

ஐந்தாம்_மாடி (6:05)
ஏ மோடு என்றீர்கள்!

கூதிர்_23 (6:09)
அபர்ச்சரை நான்தானே முடிவு செய்கிறேன், அதனால் ஏ மோடு என்று எழுதினேன். கடைக்காரர்தான் யூ1இல் வைத்துக்கொள், எல்லாம் அமைத்துத் தந்திருக்கிறேன் என்று சொன்னார்.

ஒளிக்குடில் (6:24)
அவர் பொய் சொல்லவில்லை. யூ1, யூ2 இரண்டும் ஒருவர் தம் அமைப்புகளைப் பூட்டி வைக்கும் பெட்டிகள். மோடு, ஐஎஸ்ஓ, கஸ்டம் செட்டிங்ஸ் எல்லாம் மொத்தமாக உள்ளே போகும். யூ1இல் இருந்துகொண்டு நீங்கள் மாற்றுவது அந்த நேரத்துக்கு மட்டும். கேமராவை அணைத்தால் பெட்டியில் இருந்தது திரும்பி வரும். வாடகை வீட்டில் நாற்காலியை நகர்த்தி வைத்தால் வீட்டுக்காரர் வந்து பழைய இடத்திலேயே போடுவதுபோல. 'அணைத்துப் போட்டால் சரியாகிறது' என்று நேற்றே சொன்னீர்கள், காம்பென்சேஷன் பூஜ்யத்துக்குத் திரும்பியதால்தான் அது. நான் அப்போதே பிடித்திருக்க வேண்டும், கோட்டைவிட்டேன்.

இரண்டு வழி. மோட் டயலை நிஜமான ஏ எழுத்துக்குத் திருப்பினால் முன்னவரின் பெட்டிக்கு வெளியே வந்துவிடுவீர்கள். அல்லது யூ1இலேயே இருந்து, வேண்டியதை மாற்றி, அணைப்பதற்கு முன் திருகுச்சாவி மெனுவில் 'சேவ் யூசர் செட்டிங்ஸ்' போய் யூ1 மேலேயே சேமியுங்கள்.

பழைய_பிலிம் (6:31)
கையேட்டில் இதற்குத் தனியாகவே ஒரு பகுதி உண்டு.

சரக்கொன்றை (6:33)
பெட்டி இல்லை, கையேடு இல்லை என்று அவர் நேற்று இரவே சொல்லிவிட்டார் ஐயா. ஞாயிறு வருவீர்களா? படித்துறையில் சந்திப்போம், சேவு வாங்காமல்.

கூதிர்_23 (ஞாயிறு, காலை 11:18)
சேமித்துவிட்டேன், அணைத்துப் போட்டாலும் நிற்கிறது. காம்பென்சேஷனை மட்டும் பொத்தானுக்கு மாற்றினேன். அபர்ச்சரைப் பின் டயலிலேயே விட்டுவிட்டேன், முன்பு வைத்திருந்த டி3500இல் ஒற்றை டயலும் அங்கேதானே இருந்தது, கட்டைவிரல் தானாகவே போகிறது. எல்லோருக்கும் நன்றி.

ஐந்தாம்_மாடி (11:25)
படங்கள் எங்கே?

கூதிர்_23 (11:40)
ஒன்பது மணிவரை மூட்டம் விலகவில்லை. படகோட்டி கூப்பிடுவதும் கடற்காகங்கள் கத்துவதும் மட்டும் கேட்டன.

முனிர்கா_மொட்டைமாடி (11:52)
எதற்கும் ஒருமுறை தூசியைத் தட்டிவிடுங்கள்.