நவம்பர் 1 கிராம சபை: குழு அறிக்கையைப் படிக்கச் சொல்லிக் கேட்போம்

சங்கத்து உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

ஏரிக்குக் கீழே இருக்கும் கழனிகளில் இன்னும் இரண்டு இடத்தில் வீட்டுமனை போடக் கல் நட்டுவிட்ட படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "ஊரே போச்சு" என்று பலர் எழுதியிருந்தீர்கள். வருத்தம் எனக்கும்தான். விற்றவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை, அவரவர் கஷ்டம் அவரவருக்கு. ஆனால் ஊருக்குள்ளேயே இதைப் பேசித் தீர்மானிக்க ஓர் இடம் இருக்கிறது. அதை நாம் யாருமே பயன்படுத்துவதில்லை.

ஊராட்சி என்றால் தலைவர், செயலர் என்று இரண்டு பேரோடு நிறுத்திக்கொள்கிறோம். கிராம ஊராட்சிக்கு ஐந்து குழுக்கள் உண்டு: நியமனக் குழு, வளர்ச்சிக் குழு, வேளாண்மை மற்றும் நீர்மேலாண்மைக் குழு, பணிகள் குழு, கல்விக் குழு. நிலம், ஏரி, கானாறு எல்லாம் மூன்றாவது குழுவின் தலையில். நம் பக்கம் 2016 முதல் 2021 வரை தேர்தலே இல்லை. 2019 டிசம்பரில் மற்ற மாவட்டங்களுக்கு நடந்தபோதும், வேலூரை அப்போதுதான் மூன்றாகப் பிரித்திருந்ததால் நமக்கு 2021 அக்டோபரில்தான் நடந்தது. அத்தனை வருஷம் அரசு நியமித்த தனி அலுவலரே எல்லாம். குழு என்ற பேச்சே ஊரில் மறந்துபோனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 15 கிராம சபைக் கூட்டத்துக்கு என் அக்கா போயிருந்தாள். போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டதால் முழுதும் கேட்டேன். வரவு செலவு படித்தார்கள், டெங்கு தடுப்பு படித்தார்கள், தெருவிளக்கு பற்றி ஒரு சண்டை. தீர்மான நோட்டு கையெழுத்துக்குச் சுற்றி வரும்போது அக்கா எழுந்து, "வேளாண்மைக் குழு இந்த வருஷம் என்ன செஞ்சுதுன்னு படிங்க" என்று கேட்டாள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒருவர், "அது இருக்குதும்மா, பேரெல்லாம் நோட்டுல இருக்குது" என்றார். பெயர்களைப் படிக்கச் சொன்னாள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மேட்டுத் தெரு பெரியம்மாவின் பெயரும் அதில் இருந்தது. அவர்களுக்கே அன்றுதான் தெரிந்தது.

எழுதி வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு எங்கும் போக வேண்டாம். பாலாற்றைத் தோல் தொழிற்சாலைக் கழிவு கெடுத்ததற்கு எதிராக வேலூர் குடிமக்கள் நலச் சங்கம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தோல் தொழிற்சாலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் பாதியோ முழுதோ சாகுபடிக்கு உதவாமல் போனது என்ற கணக்கு அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையம் அதை எடுத்து எழுதி வைத்திருந்ததால்தான் வழக்குக்குப் பலம் வந்தது. நம் ஊரில் எத்தனை ஏக்கர் நஞ்சை மனையாகிவிட்டது என்று யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா?

மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறை தொழில்நுட்ப ஒப்புதல் கொடுத்தாலும், இறுதி அனுமதி ஊராட்சியிடமிருந்துதான் போகிறது. நஞ்சையை மாற்ற வேண்டுமானால் வேளாண் இணை இயக்குநரின் கருத்தையும் கேட்க வேண்டும் என்று 2017 விதிகள் சொல்கின்றன. ஆனால் எந்த நிலத்தில் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதும் அடங்கலில் வருஷக்கணக்காகத் தரிசு என்று எழுதப்பட்ட நிலத்துக்காக யார் வாதாடுவார்கள்? அந்தத் தரிசில் பெரும்பகுதி துபாயிலும் சிங்கப்பூரிலும் பெங்களூரிலும் இருக்கும் நம்முடையது. குத்தகைக்கு விட்டால் நிலம் கைவிட்டுப் போய்விடும் என்ற பயம். 1955 குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்ததற்கு நியாயமான காரணம் உண்டு. ஆனாலும் அந்தப் பயத்திலேயே வெறுமனே போட்டுவிடுகிறோம், இல்லாவிட்டால் வாய்ப்பேச்சில் விடுகிறோம். வாய்ப்பேச்சில் உழுகிறவரின் நிலை என்ன? விவசாயிகளுக்கு மத்திய அரசு வருஷத்துக்குக் கொடுக்கும் பி.எம். கிசான் 6,000 ரூபாய் பட்டாக்காரருக்குத்தான். அடங்கலில் அவர் பயிர் என்று பதியாவிட்டால் காப்பீடும் கூட்டுறவுக் கடனும் கிடைப்பது கஷ்டம். மழை ஏமாற்றினால் நஷ்டம் முழுதும் அவர் தலையில். உழுகிறவர் பெயரில் அடங்கல் சான்று வாங்க நாமே ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தால் பாதிச் சிக்கல் தீரும். அடங்கலில் தரிசு என்ற சொல்லும் மறையும். முதலில் இதைச் செய்வோம் என்பதுதான் என் வேண்டுகோள்.

முதியோர் விஷயமும் இதோடு சேர்ந்ததே. மாதம் 1,200 ரூபாய் உதவித்தொகைக்குத் தகுதி இருந்தும் தாலுகா ஆபீசுக்கு அலைய முடியாமல் விட்டவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். தனியாக இருக்கும் பெரியவர்களின் பட்டியலை மகளிர் குழுக் கூட்டமைப்பு ஒரே நாளில் எடுத்துவிடும். அதையும் சபையில் படித்துத் தீர்மானமாக ஏற்றினால் பின்னால் போய்க் கேட்க ஒரு பிடி இருக்கும்.

வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்கள்தான் கிராம சபை உறுப்பினர்கள். நம்மில் பலருக்கு அது இல்லை, வீட்டில் இருப்பவர்களுக்கு இருக்கிறது. நம் ஊர் அளவுக்குக் குறைந்தது 100 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினக் கூட்டத்துக்கு வீட்டுக்கு ஒருவரையாவது அனுப்புங்கள், பெண்கள் வந்தால் இன்னும் நல்லது. வேளாண்மைக் குழு தன் அறிக்கையைப் படிக்க வேண்டும் என்று கேட்டு, பத்து நாள் முன்னதாகவே செயலரிடம் மனு கொடுக்கச் சொல்லி அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். மனுவில் கையெழுத்துப் போட யார் யார் வீட்டில் தயார் என்று இங்கேயே பதில் எழுதுங்கள். நிலம் தரிசாக இருப்பவர்கள் சர்வே எண்ணை எனக்குத் தனியாக அனுப்பினால் போதும், இங்கே எல்லோருக்கும் தெரியும்படி போட வேண்டாம். ஏற்கெனவே விற்கப் பேசி வைத்தவர்கள் இருந்தால், அந்தத் துண்டை ஊருக்குள் யாராவது பயிர் வைக்கக் கேட்கிறார்களா என்று நவம்பர் 1 வரை பொறுத்துப் பாருங்கள்.

அன்புடன்,
தெற்குத் தெருவிலிருந்து, இப்போது தோஹா