மழை பெய்தால் எரியும் ஏபிஎஸ் விளக்கு: பிரேக் அழுத்த சென்சரா, வயரா?

கொக்குவிலான்:
வணக்கம். என்னுடையது 2004 ஆம் ஆண்டு ஜெர்மன் கார். வேலை வேலணையில் என்பதால் தினமும் யாழ்ப்பாணக் கடலைக் கடக்கும் பண்ணைப் பாலத்தால் போய்வருகிறேன். மாரி தொடங்கியதிலிருந்து ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சில்லு இறுகி வழுக்காமல் காப்பது) விளக்கும் ஈஎஸ்பி (வாகனம் பக்கவாட்டில் சறுக்காமல் காப்பது) விளக்கும் சேர்ந்து எரிகின்றன. நல்ல வெயில் அடித்தால் அணைந்துவிடுகின்றன. பிரேக் வழமைபோலவே பிடிக்கிறது. ஸ்கான் செய்தபோது பிரேக் அழுத்த சென்சரின் சிக்னல் நம்பத்தகாதது என்று வந்தது. கராஜில் ஏபிஎஸ் யூனிற் முழுவதையும் மாற்றச் சொல்கிறார்கள். அந்தத் தொகை எனக்குக் கட்டுப்படியாகாது. பிள்ளைகள் ஏறும் வாகனம், அப்படியே விடவும் மனமில்லை. கையில் மல்ரிமீற்றர் இருக்கிறது. எங்கே தொடங்குவது?

நெல்லியடி வயரிங்காரன்:
தம்பி, யூனிற்றில் இப்போதைக்குக் கை வைக்க விடாதீர்கள். ஸ்கானர் சொல்வது எந்தச் சுற்றில் கோளாறு என்பதை மட்டுமே. அந்தச் சுற்றில் சென்சரும் இருக்கிறது, மூன்று வயர்களும் (மின் தருவது, ஏர்த், சிக்னல்) பிளக்கும் இருக்கின்றன. மழைக்கு வந்து வெயிலுக்குப் போகும் பழுது என்றால் நான் முதலில் பிளக்கைத்தான் சந்தேகிப்பேன். உப்புக் காற்றில் நாள்தோறும் ஓடும் வாகனத்தில் செப்பு பச்சை பூக்காமல் இருந்தால்தான் அதிசயம்.

முதலில் பற்றரி. இயந்திரம் ஓடாதபோது 12.6 வோல்ற்றுக்கு அண்மையாகவும், ஓடும்போது 14 வோல்ற் அளவிலும் இருக்க வேண்டும். பிறகு பிரேக் பெடலை மிதித்துப் பின்விளக்கைப் பாருங்கள். பெடல் சுவிற்சும் அழுத்த சென்சரும் சொல்வது ஒத்துப்போகிறதா என்று காரின் கணினி ஒப்பிட்டுப் பார்க்கும். சுவிற்ச் பிந்தினாலும் பழி சென்சர்மேல் விழும்.

உங்கள் காரில் சென்சர் மாஸ்ரர் சிலிண்டரில் (பெடலை மிதிக்கும்போது பிரேக் எண்ணெயை அழுத்தும் உருளை) திருகியிருந்தால் வேலை இலகு. சாவியை நிறுத்திவிட்டுப் பிளக்கைக் கழற்றி உள்ளே விரலை வைத்துப் பாருங்கள். ஈரம் வழுவழுப்பாக இருந்து, காயாமல் நின்றால் அது மழைநீர் அல்ல, பிரேக் எண்ணெய். அப்படியானால் சென்சர் உள்ளே கசிகிறது. மாற்றியே ஆக வேண்டும். வெறும் நீரும் பச்சைப் படிவும் என்றால் சென்சர் பிழைத்திருக்க நிறைய இடமுண்டு.

இனி சாவியைப் போட்டு, வயர் பக்கப் பிளக்கில் அளவுங்கள். மின் தரும் வயருக்கும் ஏர்த் வயருக்கும் இடையே 5 வோல்ற் வர வேண்டும். வராவிட்டால் மீற்றரின் கறுப்பு முனையைப் பற்றரியின் நெகற்றிவ் முனைக்கு மாற்றுங்கள். அங்கே 5 வந்தால் ஏர்த் வயர்தான் அறுந்திருக்கிறது. மீற்றரின் தடித்த முனையைப் பிளக்கின் பெண் பின்னுக்குள் (துளையுள்ள பின்) திணிக்காதீர்கள். பின் விரிந்தால் இல்லாத பழுதை நாமே உண்டாக்கியதாகிவிடும்.

5 வோல்ற் சரியென்றால் பிளக்கை மாட்டி, அதன் பின்புறத்தால் மெல்லிய ஊசியை நுழைத்துச் சிக்னல் வயரை அளவுங்கள். பெடலைத் தொடாதபோது பெரும்பாலான சென்சர்களில் 0.5 வோல்ற் அளவில் நிற்கும். மிதிக்க மிதிக்கச் சீராக ஏறும். ஒருவர் பெடலை ஒரே அளவில் மிதித்துப் பிடிக்க, நீங்கள் வயரைச் சாண் சாணாக அசையுங்கள். எந்த இடத்தில் எண் துள்ளுகிறதோ அந்த இடத்தில் மேல்தோலை வெட்டிப் பாருங்கள்.

சுன்னாகத்தான்:
அண்ணா சொல்வது சரிதான், ஆனால் இவ்வளவு அலைய வேண்டுமா? கழற்றிய வாகனப் பாகம் விற்கும் கடையில் பழைய சென்சர் ஒன்றை வாங்கிப் போட்டால் ஒரு மணித்தியாலத்தில் தெரிந்துவிடும்.

நெல்லியடி வயரிங்காரன்:
தம்பி, பிரேக்கில் அந்த வழியை நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். சென்சரைக் கழற்றினால் எண்ணெய்க் குழாய்க்குள் காற்றுப் போகும், பிறகு முழுவதும் காற்றெடுக்க வேண்டும். பழைய சென்சர் எந்த நிலையில் வந்தது என்று யாருக்குத் தெரியும்? பிளக்கைத் திறந்து பார்க்கக் காசு செலவில்லை. இன்னொன்று, பிரியஸ், அக்குவா போன்ற ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள் இதை அப்படியே பின்பற்ற வேண்டாம். அவற்றில் அழுத்த சென்சர் அக்சுவேற்றருக்கு (பிரேக் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் யூனிற்) உள்ளேயே இருக்கிறது, பிரேக் முறையும் வேறு.

கொக்குவிலான்:
ஐயா, பார்த்துவிட்டேன். பற்றரியும் பின்விளக்கும் சரி. பிளக் உள்ளே காய்ந்திருந்தது, எண்ணெய் இல்லை. ஆனால் மின் வயருக்கும் ஏர்த்துக்கும் இடையே எண் 5க்கும் 3க்கும் நடுவே அலைந்தது. கறுப்பு முனையைப் பற்றரிக்கு மாற்றியதும் அசையாமல் 5 நின்றது. ஏர்த் வயரைத் தடவிக்கொண்டு போனால், பிளக்கிலிருந்து ஒரு முழ தூரத்தில் இரும்புத் தாங்கியில் உரசி மேல்தோல் போயிருக்கிறது. உள்ளே செப்பு இழைகள் பச்சையாகப் பொடிந்து, இரண்டு மூன்று இழைகள்தான் மிச்சம். மற்ற இரண்டு வயர்களிலும் காயம் இல்லை. ரேப் சுற்றினால் போதுமா?

நெல்லியடி வயரிங்காரன்:
போதாது. ரேப்புக்குள் ஈரம் தங்கி அடுத்த மாரிக்குள் மீண்டும் அறும். பச்சை முடிந்து செப்பு பளபளவென்று தெரியும் இடம்வரை இரு பக்கமும் வெட்டி, அதே தடிப்பில் புது வயர்த் துண்டு இணையுங்கள். இணைப்பின்மேல் உள்ளே பசையுள்ள, சூட்டில் சுருங்கும் குழாயைப் போடுங்கள். தாங்கியைத் தொடாதபடி வயரைத் தள்ளிக் கட்டுங்கள். பிறகு 5 வோல்ற்றை மறுபடி அளந்து, ஸ்கானரால் பழுதுக் குறியீட்டை அழித்து, பெடலை மிதித்து அழுத்த எண் ஏறி இறங்குவதைத் திரையில் பாருங்கள். பெடலை விட்டதும் அது பூச்சியத்துக்குத் திரும்பாவிட்டால் எழுதுங்கள், சென்சரை அப்போது பார்ப்போம்.