மாவட்டம் பிரிந்தபின் பழைய கிணற்றுப் பதிவுகளை எந்த மாவட்டத்தில் சேர்ப்பது? (போஸ்ட்ஜிஐஎஸ்)

காட்பாடி வாசகர்:
வணக்கம். பழைய வேலூர் மாவட்டக் கிணறுகளின் நீர்மட்டம் போஸ்ட்ஜிஐஎஸ்ஸில் (போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் இட விவரங்களைக் கையாளும் எக்ஸ்டென்ஷன்) இருக்கிறது: இடம் புள்ளியாக, அளவு, அளந்த நேரம். எல்லை டேபிளில் இன்றைய மாவட்டங்கள் மட்டும்தான். அதனால் 2015 சராசரி எடுத்தால் அரக்கோணம் கிணறுகள் ராணிப்பேட்டைக்குப் போய்விடுகின்றன. எல்லைக்கு ‘ஆண்டு’ என்று ஒரு நெடுவரிசை சேர்த்தால் போதுமா?

ஆற்காடு ஜிஐஎஸ்:
போதாதுங்க. ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் செயல்பாட்டுக்கு வந்தது 2019 நவம்பர் 28. 2019 என்று மட்டும் போட்டால் அந்த ஆண்டின் பதிவுகள் குழம்பும்.

எல்லை டேபிளில் டேட்ரேஞ்ச் (தொடக்க நாள், முடிவு நாள் இரண்டையும் ஒன்றாக வைக்கும் வகை) நெடுவரிசையாக ‘செல்லும் காலம்’ வையுங்கள். பழைய எல்லை 1989-09-30 முதல் 2019-11-28 வரை. தொடக்க நாள் சேரும், முடிவு நாள் சேராது. புதிய மூன்றும் (சுருங்கிய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர்) 2019-11-28இல் தொடங்கும், முடிவு காலி. முடிவு நாளையும் சேர்த்துவிட்டால் 28ஆம் தேதிக்கு வேலூர் இரண்டு முறை வரும்.

இதைத் தடுக்க பிட்ரீ_ஜிஸ்ட் எக்ஸ்டென்ஷனை (சமமா என்ற சோதனையையும் ஜிஸ்ட் இன்டெக்ஸில் செய்ய உதவுவது) நிறுவி, ‘மாவட்டக் குறியீடு சமம், காலம் மேற்பொருந்துகிறது’ என்று எக்ஸ்க்ளூஷன் கன்ஸ்ட்ரெயின்ட் (இப்படி மோதும் இரண்டு வரிகளை ஏற்காத விதி) போடுங்கள். பெயர் தனி டேபிளில் இருக்கட்டும். வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்தான் பிற்பாடு வேலூர் ஆனது. பெயர் மாறினால் எல்லை வரியைத் தொடக்கூடாது.

பாலாற்றங்கரை:
மேலே சொன்னது சரி. ஆனால் அந்தக் கன்ஸ்ட்ரெயின்டில் குறியீட்டுக்குப் பதிலாகப் பாலிகனை (எல்லையின் வடிவத்தை) போட்டுவிடாதீர்கள், பலர் இங்கேதான் சிக்குகிறார்கள். அங்கே மேற்பொருந்தலைச் சோதிக்கும் இரட்டை ஆம்பர்சண்ட் (&&) குறி பார்ப்பது பாலிகனைச் சுற்றிய செவ்வகத்தை மட்டும். வேலூர், ராணிப்பேட்டை எல்லைகள் தொட்டுக்கொண்டு மட்டும் இருந்தாலும் செவ்வகங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழும். இரண்டாவது மாவட்டம் ஏறவே ஏறாது. மேற்பொருந்தலைத் தனிக் குவெரியில் பாருங்கள்: 32644க்கு (மீட்டரில் அளக்கும் யுடிஎம் 44 வடக்கு ஆயமுறை) மாற்றி, ஒரே காலத்து எல்லைகளின் வெட்டுப் பரப்பைச் சதுர மீட்டரில் எடுங்கள். 4326இலேயே (அட்சரேகை, தீர்க்கரேகை டிகிரியில்) பரப்பு எடுத்தால் வருவது சதுர டிகிரி, பயன்படாது.

காட்பாடி வாசகர்:
நன்றி. அளந்த நேரம் யுடிசியில் (உலகப் பொது நேரம்) இருக்கிறது. அப்படியே தேதியாக்கி ஒப்பிடலாமா?

ஆற்காடு ஜிஐஎஸ்:
வேண்டாம். 28ஆம் தேதி காலை 5 மணி அளவு யுடிசியில் 27 இரவு 11:30. பழைய மாவட்டத்தில் போய் விழும். முதலில் ஏசியா/கொல்கத்தா நேரத்துக்கு மாற்றி, அப்புறம் தேதி எடுங்கள்.

இன்னொன்று: எல்லைக்கோட்டின் மேலேயே இருக்கும் கிணறு எஸ்டி_கன்டெய்ன்ஸில் (உள்ளே இருக்கிறதா என்று பார்ப்பது) எந்த மாவட்டத்திலும் வராது, எஸ்டி_இன்டர்செக்ட்ஸில் (தொட்டாலும் போதும் என்பது) இரண்டிலும் வரும். இரண்டாவதைப் போட்டு, ஒரு அளவுக்கு இரண்டு வரி வந்தால் கிராமப் பதிவைப் பார்த்துக் கையால் ஒதுக்குங்கள்.